சுவர்ப் பக்கம்

எங்கள் தெருவில் ஜாடி வீட்டு அம்மா என்று ஒருவர் இருந்தார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் எதையாவது திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். மேஜை மேல் இருக்கும் பூச்சாடி, அலமாரியில் இருக்கும் பீங்கான் மான், டிவிக்குப் பக்கத்தில் நிற்கும் வாத்து, எதுவும் தப்பாது. ஒரு விரலால் தள்ளி, கொஞ்சம் சுற்றி, பின்னால் நகர்ந்து நின்று, இடது கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். “இப்பத்தான் மூஞ்சி தெரியுது” என்பார். அதற்குப் பிறகுதான் நலம் விசாரிப்பது, காப்பி குடிப்பது எல்லாம்.

விருத்தாசலத்தில் பீங்கான் இல்லாத வீடு கிடையாது. ஃபியூஸ் கேரியரிலிருந்து கொலு பொம்மை வரை அச்சில் ஊற்றி, சுட்டு, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்பிக்கொண்டே இருக்கும் ஊர். அதனாலேயே இங்கே யாரும் பீங்கானைப் பார்ப்பதில்லை. செங்கல்லை யார் பார்க்கிறார்கள்? எனக்குத் தெரிந்து அதைப் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இதை நான் மறுக்க மாட்டேன். மறுக்க முடியவில்லை என்பதுதான் என் எரிச்சலே.

அவருடைய அப்பா புதுச்சேரியில், இடிபடும் பழைய வீடுகளிலிருந்து சாமான் எடுத்து விற்றவர். கப்பலில் வந்த சீன ஜாடிகள், ஐரோப்பியத் தட்டுகள், மூக்கு உடைந்த தேநீர்க் கெண்டிகள். கல்யாணமாகி இங்கே வந்தபோது அவற்றில் கொஞ்சத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டார். கணவர் சின்னதாகப் பொம்மைப் பட்டறை வைத்திருந்து, இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தவர். பிள்ளைகள் இல்லை. கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் நாற்பத்தொரு சாமான். எண்ணியவன் நான்தான். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன்; எதைக் கண்டாலும் எண்ணுவேன். அது ஒரு வியாதி என்பாள் என் மனைவி.

அலமாரிக்கு வெளியே, மர முக்காலி மேல் நின்றது அந்த நீல ஜாடி. வெள்ளை உடம்பு முழுக்க நீலத்தில் கொடியும் பூவும். கழுத்தைச் சுற்றி அலை அலையாக ஒரு கரை. அடியில் தாமரை இதழ் வரிசை. முதல் தடவை பார்த்தபோது, “பூவெல்லாம் ரொம்ப நல்லா இருக்குதும்மா” என்றேன்.

“பூவ விடுங்க சார், அது எங்கயும் ஓடிப் போயிடாது. கண்ணச் சுருக்குங்க. இன்னும் சுருக்குங்க. பூ மறைஞ்சுதா?”

“மங்கலா இருக்குது.”

“மங்கட்டும். இப்ப என்ன நிக்குது?”

பார்த்தேன். நீலமும் வெள்ளையும் கரைந்து சாம்பலாகி, ஓர் உருவம் மட்டும் நின்றது. குறுகிய கழுத்து. அதிலிருந்து அவசரமில்லாமல் இறங்கி விரிந்த தோள். தோள் எங்கே முடிந்தது, இடுப்பு எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாத ஒரு வளைவு. அடியில் கொஞ்சமாக வெளியே விரிந்து தரையைப் பிடித்திருந்த பாதம்.

“மூச்ச இழுத்துட்டு விடாம நிக்கற மாதிரி இருக்குது” என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று எனக்கே தெரியாது.

“அதான் உருவம். பூ இல்லாமலும் நிக்கணும் சார். பூவால நிக்கிறதெல்லாம் கடைச் சாமான்.”

அன்றைக்கு அந்தம்மாவைப் பற்றி வீட்டில் பெருமையாகப் பேசினேன். பின்னால் பல தடவை போனேன். ஒரு நாள் அடியிலிருந்த தாமரை இதழ்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கொண்டே முக்காலியைச் சுற்றிச் சுவருக்கும் ஜாடிக்கும் நடுவே தலையை நுழைத்தேன். பதினெட்டு இதழ்கள் ஒரே அகலம், பத்தொன்பதாவது மட்டும் இடமில்லாமல் நசுங்கி, பாதி இதழாக நின்றது. அதற்கு மேலே, இடுப்பிலிருந்து தோள் வரை ஒரு விரிசல். விரிசலின் இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பிடித்தபடி ஆறு பித்தளைக் கம்பிகள், ஆஸ்பத்திரித் தையல் மாதிரி.

“பாத்துட்டீங்களா?” என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். “வரையறவன் முகத்துலதான் ஆரம்பிப்பான். சுத்திக்கிட்டே போயி முடிக்கற எடத்துல எடம் பத்தாது. கடைசி இதழ நசுக்கிடுவான். நசுங்குன இதழு எங்கயோ அதான் முதுகு. எண்ணறவங்க எல்லாரும் அங்கதான் போயி நிப்பீங்க.”

“இந்தக் கம்பி?”

“அந்தக் காலத்துல ஒட்டறதுக்குப் பசை ஏது? ரெண்டு பக்கமும் துளை போட்டுக் கம்பியால இழுத்துக் கட்டிடுவாங்க.”

“வர்றவங்ககிட்ட இதச் சொல்றதில்லயா?”

“முதல்ல பாக்கட்டும் சார். அப்புறம் சொல்லிக்கலாம். முதல்லயே விரிசல்னு சொல்லிட்டா அப்புறம் எவனும் ஜாடியப் பாக்க மாட்டான். விரிசலத்தான் பாப்பான்.”

இது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும், ஜாடிக்கு இது நியாயம்தான்.

தெருவில் எந்த வீட்டு விசேஷமானாலும் அந்த ஜாடியைக் கேட்டு வாங்கிப்போவது வழக்கமாக இருந்தது. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கல்யாண வரவேற்பு, எல்லாவற்றுக்கும் மேடையில் ஜாடி நிற்கும். ஒரே நிபந்தனை, அவரேதான் வந்து வைப்பார். வைத்த பிறகு சும்மா இருக்கவும் மாட்டார். எதிர்வீட்டுப் பையனின் வரவேற்பில் போட்டோக்காரரோடு நடந்த சண்டை இன்றும் ஞாபகம் இருக்கிறது.

“தம்பி, மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் தாடை கோணலா இருக்குது. அந்தப் பக்கம் நிறுத்து.”

“லைட்டு இந்தப் பக்கம் இருக்குதும்மா.”

“அப்ப லைட்டத் திருப்பு. மாப்பிள்ளை பெருசா, லைட்டு பெருசா?”

பெண்ணின் சித்தப்பா நன்றாகக் குடித்துவிட்டு வந்து மேடைக்கு எதிரில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தம்மா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஜாடிக்குப் பின்னால் திரை மறைவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “அண்ணே, நீங்கதான் இந்த ஜாடிக்குக் காவல். எழுந்தா ஜாடி போயிடும்.” அந்த மனிதர் விருந்து முடியும்வரை ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். படம் எதிலும் அவர் இல்லை.

எங்கள் தெருவில் எல்லாருடைய படங்களிலும் எல்லாரும் இருப்பதைவிட நன்றாக இருப்பார்கள். என் பணி ஓய்வு விழாப் படத்தில் நான் ஏதோ பெரிய ஆள் மாதிரி இருக்கிறேன். முகவாயைத் தொட்டு அரை அங்குலம் திருப்பியவர் அவர்தான். அந்தப் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பேன், எடுத்ததில்லை.

அலமாரியில் இருந்தவற்றில் எனக்குப் பிடித்தது ஓர் ஐரோப்பியத் தட்டு. நடுவில் ஒரு பூங்கொத்து. ஓரத்தில், பூங்கொத்துக்கு ரொம்பத் தள்ளி, தனியாக ஓர் ஈ. இறக்கையின் நரம்பு வரை வரைந்திருந்தார்கள்.

“இவ்வளவு தள்ளி எதுக்கும்மா ஒரு ஈ?”

“தொட்டுப் பாருங்க.”

விரலை வைத்தேன். ஈக்கு அடியில் கடுகளவு ஒரு மேடு தட்டுப்பட்டது.

“சூளையில ஏதோ தூசி விழுந்து ஒட்டிக்கிச்சு. வெள்ளைத் தட்டுல கறுப்புப் புள்ளி. தூக்கிப் போட மனசு வருமா? வரையறவன் அது மேல ஒரு ஈய ஒக்கார வச்சுட்டான்.”

“ஏமாத்து வேலைதானே இது?”

“ஈயத் தட்டுலேர்ந்து எடுத்துட்டுப் பாருங்க” என்றார்.

கட்டைவிரலால் ஈயை மறைத்துப் பார்த்தேன். தட்டு சட்டென்று வெறும் தட்டாகிவிட்டது. பூங்கொத்து நடுவில் அநாதையாகக் கிடந்தது. விரலை எடுத்தேன். மறுபடியும் எல்லாம் உயிர் பெற்றது. அந்த ஈ இல்லாமல் அந்தத் தட்டு அழகில்லை. அவர் சிரித்தார். பூவை நீக்கிவிட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் எந்த இடத்தில் பூ வைக்க வேண்டும் என்றும் தெரியும். இது எனக்கு உறைக்க வெகு காலம் ஆனது.

என் மகள் கவிதாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் மாலை வந்தார். வழக்கம்போல எங்கள் பூச்சாடியைத் திருப்பி வைத்தார். உட்கார்ந்தார்.

“எங்க அக்கா பையன் பெண்ணாடத்துல இருக்கறான் சார். கரும்பு வயலு. நிமிந்து நடப்பான். பேச்சு தணிஞ்சுதான் வரும். தெனமும் காலையில அவங்க அம்மாவுக்கு இவன்தான் காப்பி போட்டுக் குடுக்கறான்.”

இத்தனையும் உண்மை. பின்னால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அவன் நிமிர்ந்துதான் நடந்தான். தணிந்த குரலில்தான் பேசினான். காப்பியும் போட்டான். அந்தம்மா என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

“வேற ஏதாச்சும் நாங்க தெரிஞ்சுக்கணுமாம்மா?” என்று கேட்டேன்.

“ஒலகத்துல எல்லாப் பக்கத்தையும் பாத்துட்டு யாரு சார் வூட்டுக்கு எடுத்துட்டு வர்றா?”

நான் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். அதோடு விட்டுவிடவில்லை, பெண்ணாடத்துக்குப் போய் விசாரித்தேன். யார் யாரிடம் விசாரிக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதையும் அவரே வைத்துக்கொடுத்தார். அவர் சொன்ன இடங்களில் நின்று பார்த்தேன். முகம் நன்றாகத்தான் தெரிந்தது.

பெண் பார்த்தது அவர் வீட்டுக் கூடத்தில்தான். கவிதாவை நீல ஜாடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். “தோளத் தளத்து பாப்பா. பயப்படாத. இந்த ஜாடியப் பாரு, எவ்வளவு அமைதியா நிக்குது.” கவிதா தோளைத் தளர்த்தினாள். அப்போது அவள் நிஜமாகவே அந்த ஜாடியைப் போல இருந்தாள். எனக்குக் கண் கலங்கியது.

நாலு வருஷத்தில் கவிதா திரும்பி வந்தாள். தணிந்த குரல்காரன் கை நீட்டுவான் என்று அதற்குள் அரசல்புரசலாகத் தெரிந்திருந்தது. கடைசி அடி இடது காதில். செவிப்பறை கிழிந்து, சீழ் வைத்து, மருத்துவர் கைவிரித்துவிட்டார். காது மிஷின் வைத்தும் அந்தக் காதில் இரைச்சல்தான் கேட்கிறது, பேச்சு கேட்பதில்லை.

அவளுடைய சாமான்களை எடுத்துவர நான் பெண்ணாடம் போனேன். பீரோவை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கிட்டே வந்தாள்.

“இதுவும் போவுதுங்களா?”

“இதுவும்னா?”

“மொத ஒரு பொண்ணு வந்துச்சுல்ல, வேப்பூர்லேர்ந்து. அது ஒரு வருசங்கூடத் தாங்கல. ஒங்க பொண்ணு பரவால்ல, நாலு வருசம் தாங்கிச்சு.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “ஒங்களுக்குத் தெரியாதா? ஐயோ, ஊருக்கே தெரியுமேங்க.”

ஊருக்கே தெரிந்ததுதான். ஜாடியின் முதுகும் அந்தம்மா வீட்டுச் சுவருக்குத் தெரிந்துதானே இருந்தது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஈரத்துணியால் அந்த ஐரோப்பியத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“முன்னாடியே ஒரு கல்யாணம் ஆனது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அவன் அடிப்பான்னு?”

துணியை மடித்தார். “தெரியும் சார்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான்” என்றார்.

வேறொருவர் என்றால் அழுதிருப்பார், சாமி மேல் சத்தியம் செய்திருப்பார். அவர் தட்டை எடுத்த இடத்தில் வைத்தார். வைத்த பிறகு அதைச் சற்றுத் திருப்பினார். ஈ மேல் வெளிச்சம் படும்படி. அப்போதும்கூட!

“கவிதா அவன நேராக்கிடுவான்னு நெனச்சேன்” என்றார். “அவ பக்கத்துல நின்னா எதுவும் நல்லாத் தெரியும். அவ உருவம் அப்படி.”

“என் பொண்ணு என்ன ஈயாம்மா? ஒங்க வூட்டுப் புள்ளி மேல ஒக்கார வைக்கறதுக்கு?”

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். நான் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் செருப்பை மாட்டும்வரை அவர் அலமாரிக்கு முன்னாலேயே நின்றார்.

மறுநாள் ஓர் ஆட்டோ வந்து எங்கள் வாசலில் நின்றது. அந்தம்மா இறங்கினார். மடியில் வைத்துக் கொண்டுவந்த நீல ஜாடியை ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். என் மனைவி கதவை முழுக்கத் திறக்கவில்லை. கவிதாதான் உள்ளேயிருந்து வந்து திறந்துவிட்டாள்.

“இது எனக்கெதுக்கு?” என்றேன்.

“எண்ணத் தெரிஞ்சவரு வூட்ல இருக்கட்டும்.”

கூடத்தின் நடுச்சுவரோரம் எங்கள் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஜாடியை வைத்தார். ஒரு விரலால் தள்ளிச் சுற்றினார். முகம் சுவருக்குப் போயிற்று. நசுங்கிய இதழும் விரிசலும் ஆறு கம்பியும் கூடத்தைப் பார்த்து நின்றன. அவர் பின்னால் நகர்ந்து நின்று இடது கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். பிறகு கவிதாவின் பக்கம் திரும்பி, எந்தக் காது என்று தெரியாமல், அவளுடைய இடது பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். கவிதாவுக்கு அது கேட்கவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. அந்தம்மா அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அது மன்னிப்பா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ஜாடியை அப்படியே விட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். “என்னங்க இது, தையல் போட்ட ஜாடி?” நான் சொல்வேன். ஆதியோடந்தமாகச் சொல்வேன். என் மனைவி சமையலறைக்குள் போய்விடுவாள். துடைக்கிற சாக்கில் சில நாள் அவள் ஜாடியைத் திருப்பி வைத்துவிடுவாள். நான் மறுபடி விரிசலை முன்னால் கொண்டுவந்துவிடுவேன். ஒரு பொருளாவது இந்தத் தெருவில் தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும் என்பது என் பிடிவாதம்.

அவர் இறந்தபோது நான் போகவில்லை. மனைவி போய்வந்தாள். “ஃப்ரீசர் பெட்டியக் கோணலாப் போட்டு வச்சிருந்தாங்க. மூஞ்சி சுவரு பக்கம் போயிடுச்சு. அந்தம்மா பாத்திருந்தா விட்டிருப்பாங்களா?” என்று சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியை யாராவது திருப்பினார்களா என்று மட்டும் கேட்டேன். திருப்பவில்லையாம். அலமாரிச் சாமான்களைப் பெண்ணாடத்து அக்கா வீட்டார் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி. ஈ உட்கார்ந்த தட்டு யாருக்குப் போயிற்றோ.

இன்றைக்குக் கவிதாவைப் பார்க்க மங்கலம்பேட்டையிலிருந்து வருகிறார்கள். மருந்துக்கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், அக்காவோடு வருகிறார். கவிதாவுக்கு விவாகரத்தானது அவர்களுக்குத் தெரியும். காது விஷயம் தெரியாது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்த கவிதா, இந்தத் தடவைதான் “வரட்டும்ப்பா” என்றாள். எங்கள் காலத்துக்குப் பிறகு அவளுக்கு யார் என்ற கேள்வி எங்கள் மூன்று பேருக்கும் இருக்கிறது. யாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வதில்லை.

மனைவி காலையிலிருந்து கூடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகளைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, காது விஷயத்த வந்த ஒடனேயே சொல்லிடலாமா?”

“முதல்ல பாக்கட்டும்” என்றேன். “அப்புறம் சொல்லிக்கலாம்.”

அவள் நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் சொன்னது யாருடைய பேச்சு என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. எழுந்து ஜாடியிடம் போனேன். வருகிறவர்கள் கேட்பார்கள், நான் சொல்லும்படி ஆகிவிடும். இன்றைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு ஒரு விரலால் தள்ளினேன். இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் மெல்லச் சுற்றி வந்தது. பின்னால் நகர்ந்து பார்த்தேன். கண்ணில் பட்ட இதழெல்லாம் ஒரே அகலம்.

உள்ளேயிருந்து கவிதா வந்தாள். திருப்பி வைத்த ஜாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போட்டிருந்த நாற்காலிகளில் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி இருந்ததில் போய் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்தால் வருகிறவர்கள் எல்லாரும் அவளுடைய வலது பக்கத்தில்தான் இருக்க முடியும். திரும்பி வந்ததிலிருந்து பூவே வைக்காதவள், இன்றைக்கு நிறைய மல்லிகை வைத்திருந்தாள். எல்லாரையும் போலப் பின்னால் தொங்கவிடாமல், சரத்தை இடது பக்கமாக முன்னே எடுத்துப்போட்டு, காதில் இருந்த மிஷின் தெரியாதபடி ஊசி குத்தியிருந்தாள். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கவிதா தோளைத் தளர்த்திக்கொண்டாள்.

நான் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தேன். இன்னும் சுருக்கினேன். பூ மறையவில்லை.